பழவேற்காட்டுக் காற்றில் பழைய ஜீப்: மீட்டர் போர்டைக் கழற்ற முழுமையான வழிகாட்டி

டேங்க் நிறைய டீசல் போட்டாலும் முள் காலி என்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் தானாக ஏறுகிறது. பழவேற்காட்டில் பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். எந்தக் காற்று வீசினாலும் உப்பு வரும். அது டேஷ்போர்டின் பின்னால் போய் செம்பில் களிம்பும் இரும்பில் துருவும் ஏற்றும்.

1945-ல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஜீப்புகளில் மீட்டர்கள் இரண்டு விதம். சிலவற்றில் நடுவே ஸ்பீடோமீட்டரும் சுற்றிலும் சின்ன மீட்டர்களும் தனித்தனியே இருக்கும். மற்றவற்றில் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். கழற்றும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

கழற்றத்தான் வேண்டுமா?

முதலில் இதைச் செய்து பாருங்கள். இரு முனையும் உரித்த ஒரு துண்டு ஒயர் எடுத்து, ஒரு முனையை மீட்டரின் இரும்பு உடம்பிலும் மறு முனையை பெயின்ட் சுரண்டிய பாடியிலும் அழுத்திப் பிடியுங்கள். ஒயர் மாட்டிய திருகுகளில் படக்கூடாது. சாவியைப் போட்டதும் முள் சரியாக நின்றால் மீட்டர் நல்லது, பாடியோடு சேரும் எர்த் இணைப்புதான் கெட்டது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தாலே வேலை முடியும். இதைப் பார்க்காமல் புது மீட்டர் வாங்குவது வீண் செலவு என்பேன்.

இடமும் சாமானும்

மணலில் வேலை செய்யாதீர்கள். விழுந்த நட்டு கிடைக்காது. கீழே தார்ப்பாய் விரியுங்கள். பழைய வலை வேண்டாம், நட்டு கண்ணி வழியே இறங்கிவிடும். சின்ன ஸ்பேனர்கள், திருப்புளி, பிளேயர், டார்ச், பழந்துணி, மண்ணெண்ணெய், உப்புத்தாள், வாசலின், கிரீஸ், ஒட்டும் டேப், பேனா போதும். துருவேறிய நட்டுகளில் முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊற வையுங்கள். வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும்.

பேட்டரியைப் பிரியுங்கள்

இந்தப் படியை விடவே கூடாது. ஆம்பியர் மீட்டர் உள்ள ஜீப்பில், சாவியை எடுத்த பிறகும் அதன் தடித்த ஒயர்களில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒயர் பற்றிக்கொள்ளும். பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிள்

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடியுங்கள். மீட்டரின் முதுகில் சொரசொரப்பான வட்ட நட்டு ஒன்று தெரியும். கையால் இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். இறுகியிருந்தால் துணி சுற்றி மெதுவாகப் பிளேயரால் பிடியுங்கள். இது மாட்டியிருக்கும்போது முன்பக்கமிருந்து மீட்டரை இழுத்தால் கேபிளின் தலை ஒடியும்.

ஒயரும் குழாயும்

கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். ஆனால் அழுக்கேறிய பழைய ஒயர்களெல்லாம் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும். அதனால் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதியே ஆகவேண்டும். ஆம்பியர் மீட்டரின் இரு ஒயரும் இடம் மாறினால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாக முள் காட்டும். பல்புகளை ஹோல்டரோடு இழுத்துவிடலாம்.

ஆயில் மீட்டருக்கு மெல்லிய செம்புக்குழாய் வருகிறதா? அதற்குள் என்ஜின் ஆயிலே இருக்கும். துணி வைத்துக் கழற்றுங்கள்; திரும்ப மாட்டும்வரை என்ஜினைக் கிளப்பாதீர்கள், ஆயில் பீச்சியடிக்கும். டெம்பரேச்சர் மீட்டரிலும் சில ஜீப்புகளில் குழாய் உண்டு. அதை வெட்டினாலோ மடித்தாலோ மீட்டர் செத்தது. என்ஜின் ஆறிய பிறகு, மறுமுனையில் உள்ள குமிழோடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே எடுப்பது

பின்னால் வளைந்த தகடு ஒன்று மீட்டரை டேஷ்போர்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு கையால் முன்பக்கம் தாங்கிக்கொண்டு அதன் நட்டுகளை எடுங்கள். மீட்டர் முன்புறமாக வந்துவிடும். பல ஜீப்புகளில் எர்த் போவதும் இந்தத் தகடு வழியாகத்தான். ஆகவே தகடு உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, லேசாக வாசலின் தடவுங்கள்.

திரும்ப மாட்டும்போது

கேபிளின் உள்கம்பிக்கு கிரீஸ் போடும்போது மேலே ஒரு சாண் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போகும். மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். பேட்டரி எர்த் கடைசியில்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வருஷம் ஒரு முறை எர்த் முனைகளைத் துடைத்து வாசலின் வையுங்கள். மறுபடி மல்லாந்து படுக்கும் வேலை வெகுநாள் வராது.