தகப்பனார் விட்டுச் சென்ற கடனும் சகோதரிகளும்

குடும்பத் தலைவர் ஒருவர் மௌத்தாகிவிட்டால், துக்கம் விசாரிக்க வருவோரின் பின்னாலேயே கடன் கொடுத்தவரும் வருவார். வியாபாரிகளாகிய நாம் இதை அறிவோம். அந்த வேளையில் மூத்த பிள்ளையின் கடமை என்ன? நம்முடைய கடமை என்ன? ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுடைய சரித்திரம் இவ்விரண்டுக்கும் விடை தருகிறது.

ஹிஜ்ரி 3-ல் (கி.பி. 625) நடந்த உஹது யுத்தத்தில் அவர்களுடைய தகப்பனார் ஷஹீதானார்கள். மிஞ்சியவை பேரீச்சந் தோட்டம், கடன், பெண்மக்கள். அப்பெண்மக்கள் ஏழு அல்லது ஒன்பது பேர் என்று புகாரியில் வருகிறது.

கடன் 30 வஸக் பேரீச்சம்பழம். ஜாபிர் அவர்கள் தவணை கேட்டார்கள். கடன் கொடுத்தவர் இணங்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பரிந்து பேசியும் பயனில்லை. பின்னர் நாயகம் அவர்களே தோட்டத்தில் நடந்து பார்த்து, பழத்தைப் பறித்துக் கடனைத் தீர்க்கச் சொன்னார்கள். முழுக் கடனும் அளந்து கொடுத்த பிறகு 17 வஸக் மீதி இருந்தது. கடன் தீர்ந்த பிறகே பாகப்பிரிவினை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் சட்டமுமாகும்.

அடுத்தது சகோதரிகள். வாலிபரான ஜாபிர் அவர்கள் கன்னிப்பெண்ணை நாடாமல், முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்மணியை மணந்தார்கள். சகோதரிகளுக்குத் தலைவாரிப் பராமரிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு வேண்டும் என்பதே காரணம். பயணமொன்றில் இதைக் கேட்டறிந்த நாயகம் அவர்கள் அதைச் சரியென ஏற்றார்கள்.

அதே பயணத்தில் ஜாபிர் அவர்களுடைய ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. நாயகம் அவர்கள் அதை விலை பேசி வாங்கினார்கள். மதீனா வரை அவரையே ஏறிவரச் செய்தார்கள். ஊர் சேர்ந்ததும் கிரயத்தை நிறுத்துக் கொடுக்கச் செய்து, ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உதவி வியாபாரமாக வந்தது. பெற்றவர் கை தாழவில்லை.

சகோதரர்களே, நமக்கு இதில் பாடம் உண்டு. மௌத்தானவருக்கு நாம் தரவேண்டிய பாக்கியைக் கேட்குமுன் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் கடைச் சரக்கை அவசரத்தைக் கண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்காதிருப்போம். மகனுக்குத் தருமமாகக் கொடுப்பதைவிட, அவன் பெயரில் ஒரு பற்று வரவு திறந்து சரக்குக் கொடுப்பது மேல்.

மூத்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தங்கையை வளர்த்தேன் என்பதால் தங்கையின் பங்கு அண்ணனுடையதாகிவிடாது. அதை இன்றே தனியாக எழுதி வையுங்கள். பிற்காலத்தில் குடும்பம் பிளவுபடாதிருக்க அந்த ஒரு தாள் உதவும்.

யதீம்களின் உரிமையைப் பேணி நடக்க அல்லாஹ் நம் யாவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.