பிப்பிரானா: ஸ்பெயின் தேசத்துக் காய்க்கலவை

கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் தோப்புகளே நிறைந்த தென் ஸ்பெயினின் ஹயேன் பிரதேசத்தில், கோடையின் உக்கிரம் தாளாமல் அடுப்பருகே நெடுநேரம் நிற்க மனமில்லாத நாட்களில், இல்லந்தோறும் பிரியத்துடன் தயாரிக்கப்படுவது பிப்பிரானா என்னும் பச்சைக் காய்க்கலவை.

நன்கு பழுத்த தக்காளி 4, பச்சைக் குடமிளகாய் 1, வெள்ளரிக்காய் 1, சிறிய வெங்காயம் 1 ஆகியவற்றைக் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரே சீராக நறுக்கிக்கொள்ள வேண்டும்; வெள்ளரித் துண்டுகளில் மட்டும் சிறிது உப்பைப் பிசிறி, 15 நிமிஷம் கழித்து நீரை வடித்துவிடுவது உசிதம்.

சுவையின் சூட்சுமம் சாந்தில்தான் இருக்கிறது. பூண்டுப் பல் ஒன்றை உப்புடன் கல்லுரலில் நசுக்கி, வேகவைத்த 2 முட்டைகளின் மஞ்சட்கருவைச் சேர்த்து, ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டியைத் துளித்துளியாக விட்டுக் குழைத்துவந்தால், மஞ்சட்கரு எண்ணெயைத் தன்னுள் ஏற்று வெண்ணெய்போல் திரளும். அதன் பின்னரே வினிகர் 1 மேசைக்கரண்டி சேர்த்தல் வேண்டும். அவசரப்பட்டு மிக்ஸியை நாடுவோர் கவனிக்க: அதன் வேகத்தில் நல்ல ஆலிவ் எண்ணெய் கசப்பேறக்கூடும்.

சாந்தைக் காய்களுடன் கலந்து, வெண்கருவை நறுக்கித் தூவி, அரைமணி நேரம் குளிரவைத்துப் பரிமாறலாம். மாமிச போஜனப் பிரியர்கள் டின்னில் வரும் சூரை மீனையும் உதிர்த்துப் போடுவதுண்டு. பாத்திரத்தின் அடியில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடுவது மகா பாதகம். ரொட்டியைத் தோய்த்துண்பதற்கென்றே அது ஊறுகிறது.