வாவிச் சூட்டில் படகு ஓடுமா?

அன்பு மருமகளுக்கு,

"சக்தியை ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது எண்டு விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கு. அப்ப 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஏன் மாமா?" என்று கேட்டிருந்தாய். மிக நல்ல கேள்வி மகள்.

புத்தகம் சொல்வது சரி. அது வெப்ப இயக்கவியலின் முதலாம் விதி. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் றொபேர்ட் மாயர் என்ற ஜெர்மன் கப்பல் வைத்தியர். 1840இல் யாவாவில் மாலுமிகளின் நாளத்திலிருந்து எடுத்த இரத்தம், தன் நாட்டில் கண்டதைவிடப் பளிச்சென்று சிவந்திருப்பதைக் கவனித்தார். நம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டில் உடல் தன் சூட்டைக் காக்க உணவைக் குறைவாக எரித்தால் போதும், அதனால்தான் ஒட்சிசன் மிஞ்சுகிறது என்று நினைத்தார். உணவு, வெப்பம், வேலை எல்லாம் ஒன்று மற்றொன்றாக மாறும் சக்திதான் என்ற முடிவுக்கு வந்து 1842இல் எழுதினார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் யூல் நீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கிச் சூடேற்றி அந்த மாற்றத்தை அளந்தே காட்டினார். 1 கிலோகிராம் நீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 யூல் சக்தி வேண்டும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். மட்டக்களப்பு வாவியில், வலையிறவுப் பாலத்தின் கீழ் ஒரு கன மீற்றர் நீரை எடு. 1,000 கிலோகிராம். அதை 1 பாகை குளிரவைத்தால் 42 இலட்சம் யூல் வெளிவரும். மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகு 36 இலட்சம் யூல்தான். வாவியோ 56 கிலோமீற்றர் நீளம்! அப்படியென்றால் நீரை உறிஞ்சி, அதன் சூட்டால் எஞ்சினை ஓட்டி, குளிர்ந்த நீரைப் பின்னால் விட்டுக்கொண்டு போகும் ஒரு படகைச் செய்யலாமே? பெற்றோலே தேவைப்படாது. முதலாம் விதி இதைத் தடுக்காது. வரவும் செலவும் சரிவரும். ஆனாலும் அந்தப் படகு ஓர் அடிகூட நகராது.

காரணத்தின் வேர் 1824இல் சாடி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியியலாளர் எழுதிய சிறு நூலில் இருக்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும் வழியில்தான் எஞ்சின் வேலை வாங்க முடியும். அப்போதும் ஒரு பங்கைக் குளிர்ந்த பக்கத்தில் விட்டே ஆகவேண்டும். வாவி 30 பாகை, காற்றும் கிட்டத்தட்ட 30 பாகை. சூடு எங்கே போகும்?

அடுத்த முறை எஞ்சின் பூட்டிய படகில் ஏறினால் பின்பக்கம் பார். எஞ்சினிலிருந்து மெல்லிய தாரையாக நீர் பீய்ச்சும். ஸ்டார்ட் பண்ணியதும் ஓட்டுபவர் முதலில் தேடுவது அதைத்தான். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். அதில் விரலை வை. வாவியிலிருந்து ஏறிய அதே நீர், இப்போது வெதுவெதுப்பாக இருக்கும். பெற்றோலின் சக்தியில் பெரும்பங்கு இப்படியும் புகையோடும் போய்விடுகிறது. அதில் ஒரு யூல்கூட அழியவில்லை. வாவியெங்கும் பரவிவிட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்பக் கூட்டிச் சேர்த்து எஞ்சினுக்குக் கொடுக்க வழியில்லை. இந்தப் பரவலை அளக்கும் கணியத்துக்கு 1865இல் கிளவுசியஸ் என்ற விஞ்ஞானி எந்திரப்பி என்று பெயர் வைத்தார்.

நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்திலும் இதே கதை. நிலக்கரிச் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது; மீதியில் பெரும்பகுதியைக் கடல் நீர் வாங்கிக்கொள்கிறது. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களும் வற்றிக் கிடந்தன. உலகத்தின் மொத்தச் சக்தி அன்றும் அதேயளவுதான். வேலை வாங்கக்கூடிய சக்திதான் நம் கையில் இல்லாமல் போனது. எல்லாரும் சிக்கனப்படுத்தச் சொல்வது இதைத்தான்.

உங்கள் வவுணதீவில் 10 மெகாவாற்று சூரிய மின்னிலையம் இருக்கிறதே, அதன் பெறுமதியை இந்தக் கண்ணோடு பார். வாவியின் சூடு 30 பாகைச் சூடு. வெயிலோ ஏறத்தாழ 5,500 பாகையில் கொதிக்கும் சூரிய மேற்பரப்பிலிருந்து வருகிறது. அதனால்தான் ஒரு சூரியத் தகட்டால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்க முடிகிறது.

கடைசியாக ஒரு கணக்கு, உனக்கு. ஆழ்கடலில் மேல்நீர் 28 பாகை, 1,000 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 5 பாகை. அங்கே வாவியில் இல்லாத வித்தியாசம் இருக்கிறது. இரண்டையும் கெல்வினுக்கு மாற்றி, குளிர்ந்ததைச் சூடானதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழி. வருவதுதான் எந்த எஞ்சினும் தாண்ட முடியாத எல்லை. எனக்கு 8 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. உன் விடையை எழுதி அனுப்பு. அவ்வளவு குறைந்த வீதத்துக்காக 1,000 மீற்றர் குழாய் இறக்கலாமா என்பதற்கும் உன் காரணத்தை எழுது.

அன்புடன்,
மாமா