ஆம்ப்ளிஃபயர் கிட்டின் சர்க்யூட் தாள் தொலைந்துவிட்டதா?

பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் கிட் நன்றாகத்தான் இருக்கும்; கூட வந்த தாள்தான் காணாமல் போயிருக்கும். கிட் வருவதே நின்றுபோயிருந்தாலும் கவலை வேண்டாம். புது செட்டுக்குக் காசைக் கொட்டும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

1. முதலில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டிக்குள்ளேயே தேடுங்கள். அந்தக் காலத்தில் செட் போட்டவர்களில் பலர் சர்க்யூட் தாளை மடித்து மூடியின் உள்பக்கமோ அடிப்பலகையிலோ ஒட்டிவைப்பார்கள். கடை பில் கிடைத்தாலும் எறியாதீர்கள், கிட்டின் பெயர் அதில் இருக்கலாம்.

2. போர்டில் அச்சடித்த எண்தான் பாதித் தேடலை மிச்சப்படுத்தும். பழைய டூத்பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். பல கிட்டுகள் ஏதோ ஒரு மின்னணு இதழில் வந்த சர்க்யூட்டை வைத்துச் செய்தவையே. 'ஈடிஐ 480' என்று இருந்தால் அது எலக்ட்ரானிக்ஸ் டுடே இன்டர்நேஷனல் இதழின் ஆம்ப்ளிஃபயர். '82180' என்றால் எலெக்டார் இதழ் 1982இல் வெளியிட்ட கிரெசெண்டோ. எலெக்டாரின் இப்படிப்பட்ட எண்களில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும்.

3. இதழின் பெயர் தெரிந்துவிட்டால் வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் பழைய இதழ்களை முழுசாக, இலவசமாகவே படிக்கலாம். கட்டுரையைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வந்த சில மாத இதழ்களையும் புரட்டுங்கள். அச்சுப்பிழைத் திருத்தம் அங்கேதான் வந்திருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டிய ஒரு ரெசிஸ்டர் விலையுள்ள டிரான்சிஸ்டரைக் காவு வாங்கிவிடும்.

4. மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிட்டும் ஒருமுறை தேடுங்கள். வெல்மேன் கிட்டில் கே4005பி என்று இருந்தால் வெறும் கே4005 என்றும் போட்டுப் பாருங்கள். எழுத்து பெரும்பாலும் பிற்பாடு செய்த சிறு மாற்றத்தைக் குறிக்கும். பழைய பதிப்பின் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

5. கிட் நிறுவனத்தின் தளம் மூடியிருந்தால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதன் பழைய முகவரியைப் போடுங்கள். 1996 முதலான பக்கங்களைச் சேமித்து வருகிறார்கள். முகவரி மறந்துபோச்சா? கிட் வந்த அட்டைப்பெட்டியையோ பழைய இதழ் விளம்பரத்தையோ பாருங்கள்.

6. ஐ.சி. போட்ட கிட் என்றால் ஐ.சி.யின் டேட்டாஷீட்டே உங்கள் மேனுவல். ரிச்சி தெருவில் வாங்கிய பெயரில்லாத 4440 போர்டுகளுக்குத் தாள் என்று ஒன்று வந்ததே கிடையாது. அவை பெரும்பாலும் சான்யோவின் எல்ஏ4440 டேட்டாஷீட்டில் உள்ள மாதிரி சர்க்யூட்டை ஒட்டிப் போட்டவைதான். அதில் ஸ்டீரியோ, பிரிட்ஜ் இரண்டும் உண்டு: ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜில் 19 வாட். ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் முன்னால் ஒரு பெரிய கண்டன்சர் இருந்தால் உங்களுடையது ஸ்டீரியோ. கண்டன்சர் இல்லாமல் ஐ.சி.யின் இரண்டு அவுட்புட்டுக்கும் நடுவே ஒரே ஸ்பீக்கர் நேராகச் சேர்ந்தால் பிரிட்ஜ்.

7. ஐ.சி. செய்த கம்பெனி இப்போது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், அது எந்தக் கம்பெனிக்குக் கைமாறியது என்று பாருங்கள். சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவும் நேஷனல் செமிகண்டக்டரும் 2011இல் முறையே ஆன் செமிகண்டக்டருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கும் போயின. எஸ்ஜிஎஸ்-தாம்சன் இன்று எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸின் செமிகண்டக்டர் பிரிவு என்எக்ஸ்பி.

8. எஸ்டிகே4141 கிட்டுக்குத் தாள் கிடைக்கவில்லையா? அதே குடும்பத்து எஸ்டிகே4191இன் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், பின் வரிசை ஒன்றுதான். வோல்டேஜ் மட்டும் வேறு. அதை மட்டும் 4191 தாளிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

9. ஒரு சேனல் பாடி இன்னொன்று பாடாத ஸ்டீரியோ செட் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பாடும் சேனல்தான் இருப்பதிலேயே நம்பகமான மேனுவல். கரண்டை எடுத்து, கண்டன்சர் சார்ஜ் இறங்கியதும், கருகிப்போன ரெசிஸ்டரின் ஜோடியை அந்தப் பக்கத்தில் பார்த்து நிறக் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வலைத்தளமும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

10. எதுவுமே கிடைக்காவிட்டால் நீங்களே சர்க்யூட் வரைந்துவிடலாம். போர்டின் இரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, செம்புப் பக்கத்துப் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பினால் மேல்படத்தோடு பொருந்திவிடும். பிரிண்ட் போட்டுக் கலர் பென்சிலால் கோடு இழுங்கள்; பின்னால் டார்ச் அடித்தால் மெல்லிய தடங்களும் தெரியும்.

11. டிரான்ஸ்ஃபார்மர் என்ன வோல்ட் என்று தெரியாவிட்டால் பெரிய ஃபில்டர் கண்டன்சரில் அச்சடித்த வோல்ட்டைப் பாருங்கள், அதுதான் உச்ச வரம்பு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை 1.4ஆல் பெருக்கினால் டி.சி. கிடைக்கும்: 12 வோல்ட் என்றால் சுமார் 17. அது கண்டன்சர் வரம்புக்குக் கீழேயே, ஐ.சி.யின் வரம்புக்கும் கீழேயே இருக்கட்டும்.

12. எந்தப் பக்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, 'செட்டிங்' பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ரெசிஸ்டர் மதிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம், பயாஸ் எவ்வளவு வைப்பது என்பதை அப்படிச் சொல்ல முடியாது. 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70 வால்வு கிட்டில் அந்த அளவு 1.56 வோல்ட், கூடிப்போனால் இஎல்34 வால்வுகள் சிவந்து கெடும். அதனுள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, வால்வு செட் தெரிந்தவர் கையால்தான் அதைத் தொட வேண்டும்.

13. ஹீத்கிட் செட் என்றால் தேடல் சுலபம். மேனுவல்களுக்கே 595 என்று தொடங்கும் எண் கொடுத்திருந்தார்கள். டிரான்சிஸ்டரில் 417 என்று தொடங்கும் எண் இருந்தால் அது அவர்கள் வீட்டு எண். கடையில் கேட்டால் கைவிரிப்பார்கள், மாற்றுப் பட்டியலைத் தேடிப் பொது எண்ணாக மாற்றிக்கொண்டு போங்கள்.

14. காசு கொடுத்து ஸ்கேன் வாங்கும் முன் இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், மடித்து வைத்த பெரிய சர்க்யூட் தாளும் முழுசாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். அது இல்லாத மேனுவல் வீண்.

15. செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். போர்டின் படத்தைப் போனில் காட்டி, "அண்ணே, இது எந்தக் கிட்?" என்று ஊரில் உள்ள பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கேளுங்கள். பல பேர் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

16. தாள் கிடைத்து வேலை முடிந்ததும் முதல்முறை நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். சீரீஸ் போர்டில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைப் போட்டு அதன் வழியே கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கேயோ ஷார்ட்.

17. கிடைத்த தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் படாத இடமாக மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். மாற்றிய பாகங்களையும் தேதியையும் அதிலேயே எழுதுங்கள். யாராவது அதே கிட்டின் தாளைத் தேடிக் கேட்டால், ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள் தோழிகளே, தோழர்களே.