பூச்சுக்கு அடியில்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி



ஒரு பொருளின் மேல் இடப்படும் பூச்சு இரண்டு வேலைகளைச் செய்யக்கூடும். ஒன்று, பொருளைக் காப்பது. மற்றொன்று, பொருளின் குறையை மறைப்பது. முன்னது அறிவியலைச் சார்ந்தது. பின்னது சட்டத்தையும் அறத்தையும் சார்ந்தது. ஒரு பழைய காரின் கதவில் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நிலை எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டது. அதில் நான் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள சிற்றூர். என் தந்தையார் 22 ஆண்டுகள் பிறருடைய கார்களை ஓட்டியவர். சென்ற ஆண்டு ஆவணி மாதம், சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டலாம் என்று முடிவு செய்தார். சேமித்து வைத்திருந்த பணம், அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் இரண்டையும் சேர்த்து, மதுரையில் ஒரு கன்சல்டிங் கடையில் மஞ்சள் போர்டு கார் ஒன்றை ரூ.3,40,000-க்கு வாங்கினார். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைகளை எங்கள் பக்கம் கன்சல்டிங் என்றே சொல்வார்கள்.

வாங்குமுன் கடைக்காரர் அப்பாவின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, ஒரே ஓனர் ஓட்டின வண்டி. பெயிண்ட் எல்லாம் கம்பெனி பெயிண்ட். ஒரு இடத்துல கூட டிங்கரிங் கிடையாது" என்பது அச்செய்தி. அப்பா இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். கிளட்ச், கியர், பிரேக் எல்லாவற்றையும் சோதித்தார். அவற்றில் குறையில்லை. பணத்தைக் கொடுத்து, நீட்டிய தாளில் கையெழுத்திட்டு வண்டியை எடுத்து வந்தார்.

ஐப்பசி மழை தொடங்கியது. வலப்புற முன்கதவின் அடிப்பாகத்தில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. திருமங்கலத்தில் டிங்கர் வேலை செய்யும் என் தாய்மாமா வந்து பார்த்தார். விரலை மடக்கிக் கதவைத் தட்டினார். இடக்கதவு கணீர் என்றது. வலக்கதவு சுவரைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தது. "மச்சான், இது தகரம் இல்ல, பட்டி" என்றார்.

கதவு சொன்ன பாடம்

தொழிற்சாலையில் காரின் உடற்பகுதிக்கு வண்ணம் பூசுவது பல படிகளில் நடக்கிறது. முதலில் எஃகுத் தகடு பாஸ்பேட் கரைசலில் பதப்படுத்தப்படுகிறது. பிறகு உடற்பகுதி முழுவதும் ஒரு தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் துணையால் முதற்பூச்சு படிய வைக்கப்படுகிறது. அதன்மேல் பிரைமர், நிறப்பூச்சு, பளபளப்புப் பூச்சு ஆகியவை வருகின்றன. இத்தனை அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அப்படியானால் புதுக் காரின் பெயிண்ட் முழுவதும் இரண்டு முடிகளின் தடிமனே!

பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது, பழைய பூச்சின்மேல் புதியது ஏறுவதால் அளவு 200, 300 மைக்ரான் என உயரும். நசுங்கிய தகட்டைச் சமன் செய்யப் பட்டி பூசியிருந்தால் 500-ஐயும் 1,000-ஐயும் தாண்டும். பட்டி நீரை உறிஞ்சும் இயல்புடையது. பூச்சில் சிறு வெடிப்பு இருந்தாலும் மழைநீர் அதன் வழியே இறங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். இரும்பைவிடத் துருவுக்குக் கூடுதல் இடம் வேண்டும். ஆகவே துரு பெருகப் பெருகப் பூச்சை மேலே தள்ளுகிறது. எங்கள் கதவில் எழுந்த கொப்பளத்தின் காரணம் இதுவே.

இத்தடிமனை அளக்க ஒரு சிறு கருவி உண்டு. அதன் முனையில் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் தோன்றுகிறது. எஃகு அருகில் இருந்தால் அப்புலம் வலுக்கும். பூச்சு தடித்து எஃகு விலகி இருந்தால் தளரும். இந்த வேறுபாட்டைக் கருவி தடிமனாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. நாம் ஆய்வகத்தில் கால்வனாமீட்டரின் முள் அசைவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் அதே தத்துவம், காரின் பெயிண்டை அளக்கவும் பயன்படுவதைக் கண்டபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

மாமாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அளந்தோம். கூரை 118, இடக்கதவு 121. இவை தொழிற்சாலைப் பூச்சுக்குரிய அளவுகள். வலப்புற மட்கார்டு 310, வலக்கதவு 640, கதவை ஒட்டிய தூணின் அடிப்பகுதி 1,000-க்கு மேல். மட்கார்டில் மறுபூச்சு மட்டும் நடந்திருக்கலாம். ஒரு கீறலை மறைக்கக்கூட அப்படிச் செய்வார்கள். கதவும் தூணும் அப்படியல்ல. அங்கே ஒரு மோதல் நடந்திருக்கிறது. தூண் என்பது பயணியின் உயிரைக் காக்கும் பகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

கடையில் நடந்த உரையாடல்

அப்பா, மாமா, நான் மூவரும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கோபப்படவில்லை, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"பாத்துத்தானண்ணே வாங்குனீங்க? பழைய வண்டின்னா நாலு இடத்துல டச்சப் இருக்கத்தான் செய்யும். நானே ஒரு பார்ட்டிகிட்ட வாங்குனதுதான். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து.

"என்ன தாயி எழுதியிருக்கு?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"வண்டியை முழுசாப் பாத்துட்டேன், இருக்கிற நிலையிலேயே திருப்தியா வாங்கிக்கிறேன்னு எழுதியிருக்குப்பா" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

கையெழுத்திட்ட அன்று நான் அதே மதுரையில்தான், கல்லூரியில் உள்தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் படிப்பைக் கெடுக்கக்கூடாது என்று அவர் என்னை அழைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரு தாளைப் படிக்க நான் அங்கே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்றிரவு முதல் கல்லூரி நூலகத்திலும் கைபேசியிலும் சட்டங்களைத் தேடிப் படித்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில் மோசடியை விளக்குகிறது. உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றை உண்மை எனக் கூறுவது மோசடி. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதும் மோசடி. ஆனால் வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. இதற்கு அச்சட்டமே ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி அன்று. ஆனால் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் விற்பவன் பேசாமல் இருந்தால், அம்மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை இருந்த இடத்தில் காரை வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்காதவனுக்கு மௌனம் பாதகம். கேள்வி கேட்டவனுக்கு அதே மௌனம் சாட்சி. இந்தப் பிரச்சினை முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

எங்கள் கடைக்காரரோ மௌனமாக இருக்கவில்லை. டிங்கரிங் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று வைத்துக்கொண்டாலும், 18-ஆம் பிரிவு இருக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒன்றை உறுதியாகக் கூறி, அது உண்மையல்லாமல் போனால், சொன்னவர் அதை நம்பியிருந்தாலும் அது தவறான எடுத்துரைப்பு ஆகும். அப்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அல்லது, சொன்னது உண்மையாக இருந்தால் தமக்கு என்ன நிலை கிடைத்திருக்குமோ அந்நிலையைக் கோரலாம் என்கிறது 19-ஆம் பிரிவு.

கடைக்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்கியவருக்கே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான எடுத்துரைப்பைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "22 வருசம் வண்டி ஓட்டின ஆளுக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டால், அது வலுவான கேள்விதான். வள்ளுவர் வணிகரைப் பற்றிய தம் குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது ஏன் என்பது எனக்கு அப்போது ஓரளவு விளங்கியது. இரு பக்கத்தையும் எடைபோட்டே நியாயம் கேட்க வேண்டும்.

கடல் கடந்த ஒரு வழக்கு

பெயிண்ட் தொடர்பான உலகப் புகழ்பெற்ற வழக்கு அமெரிக்காவில் நடந்தது. அலபாமா மாநிலத்தில் ஐரா கோர் என்ற மருத்துவர் 1990-இல் சுமார் 40,750 டாலருக்கு ஒரு புதிய பி.எம்.டபிள்யூ. காரை வாங்கினார். ஒன்பது மாதங்களுக்குப் பின் காரை மெருகூட்டக் கொடுத்தபோது, அதற்கு ஏற்கெனவே மறுபெயிண்ட் அடிக்கப்பட்டிருப்பதை மெருகூட்டுபவர் கண்டுபிடித்தார். கப்பலில் வரும் வழியில் அமில மழையால் பூச்சு கெட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது. பழுது பார்த்த செலவு சுமார் 601 டாலர். விலையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற்படாத பழுதானால், அதைத் தெரிவிக்காமலே புதுக் காராக விற்பது அந்நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது.

மதிப்புக் குறைவுக்கு 4,000 டாலரும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையைப் பாதியாக்கியது. 1996 மே 20-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அதுவும் மிகையானது என்று தள்ளியது. முடிவில் 1997-இல் அது 50,000 டாலராகக் குறைந்தது. மறைத்தது தவறு என்பது நிலைத்தது. கேட்கும் தொகை இழப்பின் அளவை ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் நிலைத்தது.

எங்கள் வழக்கின் முடிவு

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வாடகைக்கு ஓட்டும் கார் வணிகப் பயன்பாடு ஆயிற்றே என்று நான் அஞ்சினேன். ஆனால் சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவரை அச்சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

நான் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். வாங்கிய நாள், குரல் செய்தியில் உள்ள வார்த்தைகள், ஆறு இடங்களின் அளவுகள், புகைப்படங்கள், பட்டறை கொடுத்த ரூ.38,000 மதிப்பீடு ஆகியவற்றை அதில் சேர்த்தேன். பதினைந்து நாளில் அத்தொகையைத் தராவிட்டால் ஆணையத்துக்குச் செல்வோம் என்று முடித்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பன்னிரண்டாம் நாள் அவரே அழைத்தார். ரூ.25,000 தருவதாகச் சொன்னார். ஆணையத்துக்குப் போனால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் வாதாடினேன். அப்பா கேட்கவில்லை. "வண்டி நின்னா நாளுக்கு ஆயிரம் ரூவா போகுது தாயி. நகைக்கு வட்டி ஓடுது. வர்றதை வாங்கிக்குவோம்" என்றார். ரசீதை நான் தமிழில் எழுதினேன். அப்பா ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். முதலில் தூணையும் கதவையும் சரிசெய்தோம். குறைந்த பணத்தைக் கைக்காசாகப் போட்டோம். அவர் செய்தது சரியா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

நாம் செய்யத்தக்கவை

பழைய வண்டி வாங்கும் வீட்டாருக்கு மாணவர்களாகிய நாம் சில வழிகளில் உதவலாம்.

முதலாவது, காலை அல்லது மாலை வெயிலில், வண்டியின் பக்கவாட்டில் சாய்வாகப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் நிழல் நெளிந்து தெரியும்.

இரண்டாவது, கதவின் ரப்பர் பீடிங்கை விலக்கிப் பாருங்கள். அதில் பெயிண்ட் தெறித்திருந்தாலோ, பானட், கதவு ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்திருந்தாலோ காரணம் கேளுங்கள்.

மூன்றாவது, சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தடித்த பட்டியின்மேல் அது சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் இச்சோதனை பயன்படாது.

நான்காவது, "விபத்து உண்டா? எங்கெங்கே பட்டி, பெயிண்ட்?" என்று கேட்டு, விடையை எழுத்திலோ குரல் செய்தியிலோ பெறுங்கள். விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றவரா என்றும் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பனையாளருக்கு அது கட்டாயம்.

ஐந்தாவது, ஐயம் எழுந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்திடுமுன் தாளைப் படித்துச் சொல்லுங்கள். நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். பட்டம் வரும்வரை காத்திராமல் இந்த வேலையை இன்றே நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

சென்ற வாரம் காரின் இன்சூரன்ஸ் தாளை அப்பா படமெடுத்து எனக்கு அனுப்பினார். நான் வகுப்பில் இருந்தேன். மதிய இடைவேளையில் முழுவதும் படித்துப் பொருள் சொன்னேன். அதுவரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு, அந்த அலுவலகத்தின் வாசலிலேயே அவர் காத்திருந்தாராம்.