யார் வீட்டுப் பிள்ளையோ என்று போகலாமா?

போன மாதம் இளையர் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை வந்து நின்றாள். "அக்கா, ஒன்னு கேக்கணும். ஆனா இது இன்னிக்குப் பாடத்துல வந்த விஷயம் இல்ல."

அவள் சனிக்கிழமைதோறும் நடன வகுப்புக்குப் போகும்போது தேக்கா பக்கம், பஃபலோ ரோடு புளோக்குகளுக்குக் கீழே நடந்து போகிறாள். அங்கே ஒரு பெண்ணும் மூன்று சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தப் பெண்ணின் கண் எப்போதும் கைப்பேசியில். கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது இருக்கலாம். அது இரண்டு வாரம் கார் நிறுத்துமிடத்து ஓரம் வரை தனியாக ஓடியிருக்கிறது. ஒரு முறை லாரிக்காரர் ஹார்ன் அடித்து நிறுத்தியிருக்கிறார். மூன்றாவது வாரம் அந்தப் பெண் பெரிய பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். அவன் காதுக்குப் பின்னால் ஏற்கெனவே நீலமாகக் கன்றிப் போயிருந்ததாம்.

"அவங்க அம்மாவா, சித்தியா, காசு வாங்கிட்டுப் பாத்துக்கிறவங்களா, எனக்கு எதுவுமே தெரியாது. நான் யார்கிட்டயாவது சொல்லணுமா?"

பாய் சுருட்டுவது நின்றுபோனது. ஒரு தம்பி, "அடுத்தவங்க குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?" என்றான். இன்னொருவன், "வீடியோ எடுத்து டிக்டாக்ல போடு, மத்தது தானா நடக்கும்" என்றான். நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டு பதில்தான். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று கால் மணி நேரத்தில் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டும். "அந்தப் பெண் கெட்டவளா?" என்று யோசித்தால் நமக்கு விடை கிடைக்காது. தெருவில் ஐந்து நிமிடம் பார்த்து ஒருவரை எடைபோட நம்மால் முடியாது. "அந்தப் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா? என் கண்ணால் நான் என்ன பார்த்தேன்?" என்று கேட்டால் சொல்ல ஏதோ இருக்கிறது. தகவல் கொடுப்பது என்றால் இந்த இரண்டாவது கேள்விக்கான விடையை, அதை விசாரிக்கத் தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பது. தீர்ப்பு அவர்களுடையது. பல பேர் தயங்குவதற்குக் காரணம், போனை எடுத்தால் தாங்களே தீர்ப்பு எழுதிவிடுவதாக நினைத்துக்கொள்வதுதான்.

நம் இதிகாசத்திலும் இந்தத் தயக்கம் இருக்கிறது. சபா பருவத்தில் திரௌபதி கேள்வி கேட்கிறாள். பீஷ்மர், துரோணர் முதலான பெரியவர்கள் நிறைந்த சபை நேரான விடை சொல்லவில்லை. திருதராஷ்டிரன் மகன்களில் ஒருவனான விகர்ணன்தான் எழுந்து பேசுகிறான். "நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்?" என்ற பாணியில் கர்ணன் அவனை அடக்குகிறான். பிறகு விதுரர் பிரகலாதன் கதை ஒன்றைச் சொல்கிறார். கண்டிக்க வேண்டிய செயலை ஒரு சபை கண்டிக்காமல் இருந்தால், அந்தப் பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, மீதிக் கால் பங்கு பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்று அதில் காசியபர் கணக்குச் சொல்கிறார். செய்தவனுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சம பங்கு! வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கூட்டம் ஏன் சும்மா இருக்கிறது என்பதை 1968-இல் டார்லி, லடானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வருவது போன்ற சத்தம் கேட்கும். தான் மட்டும்தான் அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நடக்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி நம் ஊரில் நடந்தது. மேகன் குங் என்ற பெயரை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2019 மார்ச்சில் அந்தச் சிறுமியின் உடம்பில் காயங்கள் இருப்பதைப் பாலர் பள்ளி ஊழியர்கள் கவனித்தார்கள். செப்டம்பரில் அவள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். 2020 ஜனவரியில் பாட்டி போலிசில் புகார் கொடுத்தார். பிப்ரவரியில் அவள் இறந்துவிட்டாள். வயது நான்கு. 2025 ஏப்ரலில் தாய்க்கு 19 ஆண்டு சிறை, தாயின் காதலனுக்கு 30 ஆண்டு சிறையும் 17 பிரம்படியும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஒரே ஒரு இடத்தில் அல்ல, அந்தக் குழந்தையின் விவகாரம் போய்ச் சேர்ந்த பல அமைப்புகளிலும் குறைகள் இருந்ததாக அது சொன்னது.

இதைப் படித்துவிட்டு, "சொல்லி என்ன பயன்? சொன்னாலும் காப்பாத்தலையே" என்று ஒருவர் கேட்கலாம். வகுப்பிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் அந்தத் தேதிகளை வேறு விதமாகப் பார்க்கிறேன். பள்ளியை விட்டு நின்ற நாளிலிருந்து, தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இல்லாமல் போயின. பள்ளிக்கு வராத பிள்ளையை வெளியாள் பார்ப்பது லிஃப்டில், புளோக்குக்குக் கீழே, கடைத்தெருவில்தான். அப்படிப் பார்ப்பவர்கள் நம்மைப் போன்ற முன்பின் தெரியாதவர்கள். நாம் பார்ப்பது ஒரு துண்டு மட்டும்தான். ஆனால் வேறு யாரோ இன்னொரு துண்டை ஏற்கெனவே சொல்லியிருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களிடம் நம் துண்டு போய்ச் சேர வேண்டும்.

மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2011-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை அந்நாட்டுச் சிறார் நல அமைப்பு எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டிவிட்டதையும் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டதையும்கூடக் குறையாகச் சொன்னார்கள் என்பது பெற்றோர் தரப்பு. 2012-இல் பிள்ளைகள் இந்தியாவில் சித்தப்பாவிடம் அனுப்பப்பட்டார்கள். 2013 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர்களைத் தாயிடம் சேர்த்தது. இந்திப் படமாகவும் வந்த கதை. பிள்ளைகளைப் பிரிந்து அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்தால், நம் சந்தேகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது புரியும்.

அதனால் சந்தேகம் வரும்போது அதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் இரவு பத்து மணிக்கும் பலசரக்குக் கடை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். கல்லாவில் இருப்பது அவன் அம்மா. பத்து வயது அக்கா நாலு வயதுத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஒரு தாத்தா சத்தமாகத் திட்டுகிறார். இவையெல்லாம் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் இவை புறக்கணிப்பு ஆகிவிடாது. எத்தனை வயதில் பிள்ளையைத் தனியாக விடலாம் என்று நம் சட்டத்தில் ஒரு எண் கிடையாது. இன்னொன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நல்ல உடை உடுத்தி, நல்ல ஆங்கிலம் பேசி, கையில் விலையுயர்ந்த பையோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு இதே சந்தேகம் வந்திருக்குமா? பணிப்பெண் என்றால் உடனே தப்பாக நினைக்கிற பழக்கம் நம் சமூகத்தில் இருக்கிறது. நம் ஒரு போன் காலில் அவர் வேலை போகலாம். அதற்காகப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

எது நம்மை நிறுத்த வேண்டும்? ஓடி விளையாடும் பிள்ளைக்கு முட்டியிலும் முழங்காலுக்குக் கீழேயும் நெற்றியிலும் காயம் படுவது சகஜம். காது, கழுத்து, முதுகு, வயிறு, தொடையின் உள்பக்கம் போன்ற இடங்களில் விழுந்து அடிபடுவது அபூர்வம். அங்கே கன்றிப்போயிருந்தால் மருத்துவர்களே கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் வந்தாலே பிள்ளை ஒடுங்கிப்போவது, பசியோடு திரிவது, வீட்டுக்கு வெளியே பூட்டப்பட்டு நிற்பது, ஒரே விஷயம் வாரா வாரம் நடப்பது, இவையும் அப்படித்தான். நம் தங்கை சொன்னதில் காதுக்குப் பின்னால் இருந்த கன்றலும் திரும்பத் திரும்ப நடந்ததும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. கைப்பேசி அல்ல. கைப்பேசி பார்ப்பதைப் புகார் செய்தால் பாதி சிங்கப்பூரையே செய்ய வேண்டும்.

கார் வரும் பாதையில் குழந்தை ஓடினால் யோசிக்க ஒன்றும் இல்லை. போய்க் கையைப் பிடித்து நிறுத்துங்கள், பார்த்துக்கொள்கிறவரிடம் கொண்டுபோய் விடுங்கள். "ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கானே, கொஞ்ச நேரம் நான் பாத்துக்கட்டுமா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்று பிள்ளைகளோடு தனியாக அல்லாடுகிற ஒருத்திக்கு அது பெரிய உதவியாக இருக்கலாம். குற்றம் சாட்டுகிற குரலில் பேசினால் அவமானம் கோபமாக மாறும். அந்தக் கோபம் வீட்டுக்குப் போனபின் பிள்ளை மேல் இறங்கும் என்பதை மறக்காதீர்கள். அடி விழுவதைக் கண்ணெதிரே பார்த்தால், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், உடனே 999. காயம் பட்டிருந்தால் ஆம்புலன்சுக்கு 995.

அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் மனசு கேட்கவில்லை என்றால் 1800-777-0000. வன்முறை, பாலியல் தொல்லைக்கு எதிரான தேசிய உதவி எண் இது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். சிறார், இளையர் சட்டம் 2020 முதல் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் உள்ளடக்குகிறது. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிற எவரும் தகவல் தரலாம் என்கிறது அந்தச் சட்டம். நல்லெண்ணத்தோடு சொல்பவருக்கு அது பாதுகாப்பும் தருகிறது. நிரூபித்துவிட்டு வா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தத் தங்கை அன்றே ஒரு தாளில் மூன்று சனிக்கிழமைகளின் தேதி, ஏறக்குறைய என்ன நேரம், எந்த புளோக்குக்குக் கீழே, பிள்ளைகளுக்கு என்ன வயது இருக்கும், என்ன பார்த்தாள் என்பதை எழுதினாள். "கொடூரமா இழுத்தாங்க" என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, "காதைப் பிடிச்சு ஏழெட்டு அடி தூரம் இழுத்தாங்க" என்று மாற்றினாள். அந்தத் திருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அன்று சாயங்காலமே போன் செய்தாள். பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அது அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம். அதைத் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று நினைத்தால், நாம் பிள்ளைக்காகப் பேசவில்லை என்று அர்த்தம்.

வீடியோ போடச் சொன்ன தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை குழந்தைக்கு வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டிய வீடியோ பரவியது. அதன் பிறகு பாலர் பள்ளிகளில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்ற விதி 2024 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ஆகவே வீடியோவால் ஒன்றும் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போலிசிடமோ அமைச்சிடமோ கொடுங்கள். இணையத்தில் போட்டால் அந்தப் பிள்ளையின் முகமும் சேர்ந்து ஊர் சுற்றும். பத்து வருஷம் கழித்து அவன் வகுப்புத் தோழன் அதைத் தேடி எடுப்பான். ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தில் அவர் அடையாளத்தை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றமும்கூட. ஆள் மாறிப்போனால் என்ன செய்வோம்?

கடைசியாக நம்மைப் பற்றி. விடுமுறை முகாம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், ஞாயிறு வகுப்பு என்று வருஷம் பூராவும் அடுத்தவர் பிள்ளைகளை நாமும் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பெற்றோருக்கு நாமும் முன்பின் தெரியாதவர்கள்தான். யாராவது ஒரு அம்மா நம்மைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், "எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்று முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த முகாமுக்கு இப்போதே மூன்று ஏற்பாடு பேசி வைத்திருக்கிறோம். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு பேர் போக வேண்டும். நம் பொறுப்பாளர் யாரைப் பற்றியும் புகார் சொல்ல, பெற்றோருக்கு அந்தப் பொறுப்பாளர் அல்லாத வேறு ஒருவரின் எண் கொடுக்கப்படும். அந்த எண்ணில் போன் எடுக்க இரண்டு பேர் வேண்டும். முன்வருகிறவர்கள் அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.