ஸ்டீரியோவில் எக்கோ ஏன் அடங்க மாட்டேங்குது?

போன கிருத்திகை அன்னிக்கு நம்ம ஆன்லைன் பாராயணத்துல எக்கோ வந்து எல்லாரும் தவிச்சோமே, அதுக்குக் காரணம் நான்தான். நாதஸ்வரம் நல்லா கேக்கணும்னு கால் செட்டிங்ஸ்ல ஸ்டீரியோவை ஆன் பண்ணி வச்சிருந்தேன். ஆட்டையாம்பட்டியில இருந்து எங்க அம்மாயி பாடப் பாட, ஒவ்வொரு அடியிலயும் முதல் சொல் காணாமப் போச்சு. அவங்களுக்குக் காது மந்தம், ஹெட்போனும் ஆகாது. ஸ்பீக்கர்தான் வழி.

நீங்க பேசுறது அம்மாயி வீட்டு ஸ்பீக்கர்ல வந்து, சுவத்துல பட்டு, அவங்க மைக்குக்குள்ள போகுது. ஸ்பீக்கருக்கு அனுப்பினது என்னன்னு ஆப்புக்குத் தெரியும். அந்த அறை அதை எப்படி மாத்தும்னு கணிச்சு, மைக்கில வந்ததுல இருந்து கழிச்சிடும். இப்படித் தானே திருத்திக்கொள்ளும் ஃபில்டரைப் பற்றி 1967-லேயே பெல் லேப்ஸில் இருந்து எழுதிய முன்னோடி மன்மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர்.

ஸ்டீரியோவில் பாதை இரண்டு. ஆனா இரண்டு ஸ்பீக்கர்லயும் வர்றது ஒரே ஆளோட குரல். நம்ம ஊர் முறுக்குல இரண்டு வகை, ஒவ்வொரு பாக்கெட், மொத்தம் 100 ரூபாய்னு மட்டும் சொன்னா தனி விலை தெரியுமா? 60-40ம் சரி, 70-30ம் சரி. ஃபில்டர் ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கும், எக்கோவும் போயிடும். அடுத்த ஆள் முதல் வகையில இரண்டு பாக்கெட் கேட்டா கணக்கு உதைக்கும். அதே மாதிரி எதிர்முனையில வேற இடத்துல இருந்து ஒருத்தர் பேசினதும், அம்மாயி வீட்டுல எதுவுமே மாறாட்டியும் எக்கோ திரும்பிடும். மிச்ச எக்கோவை அமுக்கறேன்னு ஆப் மைக்கையே குறைக்கும். அம்மாயி சொல்லை விழுங்கினது இதுதான்னு நினைக்கிறேன்.

1998-இல் பெனெஸ்டி, மோர்கன், சோந்தி மூவரும் ஒரு வழி சொன்னாங்க. ஒவ்வொரு சானலிலும் அதன் ஒலி அலையின் ஒரு பாதியைக் கொஞ்சம் கூடுதலா கலந்துவிடு. இரண்டும் லேசா வேறுபடும், ஃபில்டருக்குத் தனித்தனி விடை கிடைக்கும். ரொம்ப எளிமையான தந்திரம், எனக்குப் பிடிச்சுது. கலக்கும் அளவு கூடினா ஒலி கரகரக்கும். பேச்சுல காதுக்குத் தெரியாதது, நாதஸ்வரத்தின் நீண்ட சுரத்துல தெரிஞ்சுடலாம்.

அதனால இனி பாராயணம் மோனோவில்தான். நாதஸ்வரம் போடும்போது எல்லாரும் மைக்கை ம்யூட் பண்ணிடுங்க, அப்போ ஸ்டீரியோ ஆன் பண்றேன். நேத்து சோதிச்சுப் பார்த்தாச்சு. "ஏஞ்சாமி, இப்ப முழுசாக் கேக்குதா?"ன்னு அம்மாயி மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் முழுசாக் கேட்டுச்சு.